தாழம்பூ எண்ணெய் தலைவலி தீர்க்குமா?

கேள்வி: கடலூர்ப் பக்கம் கடலோரத்தில் தாழை பூக்கிறது. அதன் எண்ணெயை முகர்ந்தால் தலைவலி போகும், தூக்கம் வரும் என்கிறார்களே! வீட்டிலேயே எடுக்கலாமா?
– வாசகி, சிதம்பரம்

பதில்: வீட்டில் எடுப்பது கட்டுப்படியாகாது. ஆண் தாழையின் பூதான் மணக்கும். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் இது பெரிய தொழில். விடிகாலையில் பறித்த பூவைச் செம்புக் கொப்பரையில் நீரோடு கொதிக்கவைத்து, ஆவியைக் குளிரவைக்கிறார்கள். கூடை கூடையாகப் பூ போட்டாலும் எண்ணெய் சொட்டுக் கணக்கில்தான் தேறும். ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கினால் அத்தர். பிரியாணிக்கு ஊற்றும் கேவ்ரா நீரும் இதே பூவின் வாசனைதான். மலிவு விலைப் புட்டிகளில் இருப்பது பெரும்பாலும் செயற்கை மணம்.

வாசனை மனதுக்கு இதம் தரலாம். தலைவலியைத் தீர்க்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அசல் எண்ணெய் கிடைத்தால், 10 மில்லி தேங்காய் எண்ணெயில் 2 சொட்டு கலந்து, முழங்கை உட்புறம் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். அரிப்பு இல்லையென்றால் பயன்படுத்தலாம். உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது. கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் டாக்டரிடம் கேட்காமல் தொட வேண்டாம்.

தாழம்பூ சிவபூஜைக்கு ஆகாது என்பது ஐதீகம். நடராஜருக்கு வாங்கிப் போகாதீர்கள். ஜடையில் வைத்துப் பின்னிக்கொள்ளத் தடையில்லை. தலைவலி அடிக்கடி வந்தால் மட்டும் முதலில் டாக்டரைப் பாருங்கள்.