தண்ணீரும் மடையும்

வடசேரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மக்களே,

நேற்று ராத்திரி நீ போனில் கேட்டபோதே பதில் பேசியிருந்தால் உன் அழுகைக்குத்தான் பதில் சொல்லியிருப்பேன், கேள்விக்குச் சொல்லியிருக்கமாட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி எடுத்தவனிடம், ஆட்டிசம் உள்ள உன் மகனுக்காக, “குட்டன் மூளையில கெமிக்கல் கம்மியாமே சித்தப்பா, அந்தப் பொடிய வாங்கட்டா?” என்று கேட்டாய்.

வாங்காதே.

கெமிக்கல் விஷயம் முழுப் பொய்யும் இல்லை. மூளையில் ஒரு நரம்புசெல் அடுத்ததற்குச் சேதி சொல்வது ரசாயனத்தால்தான். கிளப்பிவிடுகிற சேதிக்குக் குளூட்டமேட், அடக்கிவைக்கிற சேதிக்குக் காபா. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆட்டிசம் உள்ள 16 பேரையும் இல்லாத 16 பேரையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்து 2025 கடைசியில் வெளியிட்டார்கள். குளூட்டமேட்டை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளில் ஒரு வகை, ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மூளை முழுக்கக் குறைவாக இருந்தது. ஏற்பி என்றேன், கவனி. நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், அவர்கள் குறைவாகக் கண்டது தண்ணீரை அல்ல, மடையை. பேச்சிப்பாறை அணையில் எவ்வளவு திறந்துவிட்டாலும் மடை வாங்குகிற அளவுதான் வயலுக்கு. மடை குறைந்த கால்வாயில் குடத்தால் கொண்டுபோய் ஊற்றுகிற வேலைதான் இந்தப் பொடி.

அதுவும் 32 பேரை வைத்துப் பார்த்த ஆராய்ச்சி. எல்லாரும் பெரியவர்கள், அறிவுத்திறன் சராசரியோ அதற்கு மேலோ உள்ளவர்கள். மடை குறைந்ததால் ஆட்டிசம் வந்ததா, ஆட்டிசத்தோடு வாழ்ந்து வாழ்ந்து மடை குறைந்ததா என்பதை இந்த ஸ்கேன் சொல்லாது. இதை வைத்து மூன்றரை வயதுப் பிள்ளைக்கு மருந்து விற்கிறவனுக்கு என்ன தைரியம் பார்!

இதற்கு முன்னால் இப்படிப் பேசப்பட்ட கெமிக்கல் செரட்டோனின். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் சிலருக்கு ரத்தத்தில் அது கூடுதலாக இருப்பதை 1961-லேயே கண்டுவிட்டார்கள். ஆனால் ரத்தத்துச் செரட்டோனின் பெரும்பாலும் குடலில் உண்டாவது. மூளைக்குள் அது நுழைவதில்லை. அறுபது வருஷம் கழித்தும் அந்த முடிச்சு முழுக்க அவிழவில்லை.

செக்ரிடின் கதைதான் நீ கட்டாயம் கேட்கவேண்டியது. செரிமானத்துக்கு உதவுகிற ஹார்மோன் அது. வயிற்றுப் பரிசோதனைக்காக அதைப் போட்ட ஒரு பையன் பேச ஆரம்பித்தான் என்று 1998-ல் அமெரிக்க டிவியில் சேதி வந்ததும் பெற்றோர்கள் கடன் வாங்கி ஊசி போட்டார்கள். மறுவருஷமே அறுபது பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு நிஜ மருந்தும் மீதிப் பேருக்கு உப்புத் தண்ணீரும் செலுத்திப் பார்த்தார்கள். இரண்டு பக்கத்திலும் பத்தில் மூன்று பிள்ளைகள்போல முன்னேறினார்கள். உப்புத் தண்ணீரிலும்தான்! வளர்கிற பிள்ளை எப்படியும் கொஞ்சம் முன்னேறும். ஊசி போட்ட பிறகு நாமும் கூர்ந்து பார்ப்போம். முடிவைச் சொன்ன பிறகும் பெற்றோரில் பத்துக்கு ஏழு பேர்போல அந்த மருந்தில் ஆசை தீரவில்லை என்றார்களாம். அவர்களை நான் பரிகசிக்கவில்லை. நேற்று உன் குரலில் அதே ஆசைதான் இருந்தது.

ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் ஸ்பிரேயும் 2021-ல் இப்படித்தான் தோற்றது. ஸ்டெம்செல் சிகிச்சை என்று யாராவது வந்தால் கதவைச் சாத்து. ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022-ல் சொல்லிவிட்டது. ஆனால் தூக்கத்துக்கோ, தன்னைத்தானே அடித்துக்கொள்வதற்கோ டாக்டர் ஏதாவது எழுதிக் கொடுத்தால் அது வேறு கணக்கு. அதை நீயாக நிறுத்தாதே.

உன் மாமியார், “வேலைக்குப் போயி பிள்ளைய மொபைல்ல விட்டா பொறவு எப்பிடிப் பேசும்?” என்றாராமே. அவர் கோட்டாறு தாண்டிப் போனதில்லை. ஆனால் பெரிய பெரிய மனோதத்துவ டாக்டர்களே ஒருகாலத்தில் இதைத்தான் சொன்னார்கள். பாசமில்லாத தாய்தான் காரணம் என்று பெயர்கூட வைத்திருந்தார்கள், ஐஸ்பெட்டித் தாய் என்று. 1964-ல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற மனோதத்துவக்காரர், தானே அப்படி ஒரு பிள்ளைக்கு அப்பா, புத்தகம் எழுதி அதை உடைத்தார். இந்த மூளை வேதியியல் உனக்கு மருந்து தரவில்லை. ஆனால் ஆட்டிசம் பிறவியிலேயே மூளை வளர்கிற வகை என்று இத்தனை வருஷ ஆராய்ச்சி காட்டி, உன்மேல் விழுந்த பழியை எடுத்துப் போட்டிருக்கிறது.

ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரியில் மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு எழுதிக் கொடு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசமும் உண்டு. நிராமயா மருத்துவக் காப்பீடு வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தரும். அரசுத் தாளில் ‘புற உலகச் சிந்தனையற்றவர்’ என்று போட்டிருந்தால் மனம் நோகாதே. அந்தப் பெயரை வைத்தவர் குட்டனைப் பார்த்ததில்லை. முப்பந்தல் காற்றாலைகளை எண்ணுகிற பிள்ளைக்கா புற உலகம் இல்லை? யெஸ். பாலபாரதியின் ‘ஆட்டிசம் சில புரிதல்கள்’ புத்தகத்தை வாங்கிப் படி. ஆட்டிசம் உள்ள மகனை வளர்த்துக்கொண்டே எழுதியவர்.

அம்மன் கோயில் கொடைக்கு இந்த வருஷம் குட்டனைக் கூட்டிவராதே. செண்டை முழங்கினால் உனக்கும் எனக்கும் உடம்பு சிலிர்க்கும், அவனுக்கு அது அடி. மூளையில் கிளப்புகிற சேதியும் அடக்குகிற சேதியும் சமன் குலைந்திருப்பதால்தான் சத்தம் அப்படித் தைக்கிறது என்று ஒரு கருத்து இருக்கிறது. அது சரியோ தப்போ, போன கொடையில் அவன் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். சாப்பாட்டிலும் அவனை வற்புறுத்தாதே. மட்டிப்பழமும் புட்டும் மட்டும்தான் தின்பான் என்றால் இப்போதைக்கு அதுவே இருக்கட்டும்.

இன்னொன்று. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவான். கிண்டல் பண்ணுகிறான் என்று பிரம்பால் இரண்டு போட்டேன். ஒருநாள் இல்லை, பலநாள். பீரியாடிக் டேபிளை ஹைட்ரஜனில் ஆரம்பித்துத் தப்பில்லாமல் சொல்லுவான். பத்தாம் வகுப்பு தாண்டவில்லை. இப்போது எங்கே இருக்கிறானோ.

வியாழக்கிழமை தக்கலைக்கு வருகிறேன், ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு. காலிங் பெல் அடிக்கமாட்டேன். வாசலில் நின்று மெசேஜ் போடுகிறேன், வந்து திற.

அன்புடன்,
சித்தப்பா