இடுப்பைச் சுற்றி ஒரு நூல்



"தராசில் ஏறினேன், அம்பத்தஞ்சு கிலோதான். எனக்கு எங்கே சர்க்கரை வரப்போகுது?" என்று கேட்பவர்கள் நம் பக்கத்தில் அநேகர். கை கால் குச்சியாக இருக்கும். வயிறு மட்டும் முன்னே தள்ளியிருக்கும். இவர்களைத் தராசு ஏமாற்றிவிடும்.

புனே டாக்டர் யாக்னிக், லண்டன் டாக்டர் யுட்கின் இருவரும் தங்கள் உடம்பையே அளந்து 2004-ல் வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கில் இருவருக்கும் ஒரே எண், 22.3. ஆனால் உடம்பில் இருந்த கொழுப்பு லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2! நம் உடம்பு வாகு அப்படி. அந்தக் கொழுப்பு பெரும்பாலும் வயிற்றில் சேர்ந்து, இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாமல் தடுக்கிறது.

ஆகவே இடுப்பை அளங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ. (முப்பத்தைந்தரை அங்குலம்), பெண்களுக்கு 80 செ.மீ. (முப்பத்தொன்றரை அங்குலம்) தாண்டக்கூடாது. வேட்டி மடிப்பின் மேலும் புடவைக் கட்டின் மேலும் அளக்க வேண்டாம். அரைஞாண் கயிறு கிடக்கும் இடமும் அதுவல்ல. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே டேப்பைச் சுற்றுங்கள். மூச்சை இயல்பாக விட்டபின் அளவு பார்க்கவும். ஆண்கள் வயிற்றை எக்கிக்கொள்வார்கள். அம்மா, விட்டுவிடாதீர்கள்!

டேப் இல்லையா? உங்கள் உயரத்துக்கு ஒரு நூல் எடுத்து, இரண்டாக மடித்து இடுப்பைச் சுற்றுங்கள். முனைகள் சேராவிட்டால் வயிறு பெருத்திருக்கிறது என்று பொருள். கர்ப்பிணிகளுக்கு இந்த அளவுகள் பொருந்தா.

சென்னை டாக்டர் மோகன் குழுவினர் 2005-ல் ஒரு மதிப்பெண் முறை தந்தார்கள். ஒருவருக்கு வயது 42 என்றால் 20. இடுப்பு 93 செ.மீ. என்றால் 10. அம்மாவுக்கு மட்டும் சர்க்கரை இருந்தால் 10. முன்பு மக்காச்சோளக் காட்டில் பாடுபட்டவர் இப்போது கடையில் உட்கார்ந்தே இருக்கிறார், நடையும் இல்லை, அதற்கு 30. ஆக 70. அறுபதைத் தொட்டாலே ரத்தப் பரிசோதனை அவசியம். "நல்லாத்தானே இருக்கேன்" என்பது பதிலாகாது. சர்க்கரை பல வருஷம் சத்தமில்லாமல் இருக்கும். அவர் மனைவிக்கு வயது 38, இடுப்பு 78, முந்திரிக் காட்டில் கடும் உழைப்பு, பெற்றோருக்கு நோயில்லை. அவருக்கு மதிப்பெண் இதைவிடக் குறைவு.

ஆனால் தாய்மார்களே, கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்ததா? "பிரசவத்தோட போயிருச்சு" என்று இருந்துவிடாதீர்கள். இடுப்பு எந்த அளவானாலும் பிரசவமான ஆறாவது வாரத்தில் ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் பரிசோதனை தேவை.

சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்க்கப்படும். ரத்தக் கொதிப்பு 140/90-ஐத் தொட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஊழியர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். அவர்கள் வரும்போது இருவருமே காட்டிக்கொள்ளுங்கள், ஒருவர் மட்டுமல்ல.

இன்றைய இடுப்பளவைச் சுவர்க் காலண்டரில் இருவர் பெயருக்கும் நேராக எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து, காலையில் வெறும் வயிற்றோடு, அதே இடத்தில் அளந்து பக்கத்தில் எழுதுங்கள்.