பாட்டியும் ஆடலாம்: லண்டனில் கூரைக்குக் கீழே மினி கோல்ஃப்

கோடை விடுமுறையில் ஊரிலிருந்து பெற்றோர் லண்டனுக்கு வருகிறார்கள். தேம்ஸ் படகு, அரண்மனை வாசல், ஹைகேட் முருகன் கோயில் எல்லாம் முதல் வாரத்திலேயே முடிந்துவிடும். அப்புறம் மழை பிடித்துக்கொள்ளும். எங்கே போவது என்று தெரியாமல் எல்லோரும் ஷாப்பிங் மாலுக்குப் போவார்கள். அங்கே பைகளைப் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் அம்மாவாகவோ மாமியாராகவோ இருக்கும். பவுலிங் போனால் பந்து கனம். ஐஸ் சறுக்கு என்றால் இடுப்பைப் பற்றிய கவலை. ஆக, பிள்ளைகள் விளையாட, பெரியவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள்.

பெரியவர்களையும் ஆட்டத்துக்குள் இழுக்க என்னிடம் யாராவது வழி கேட்டால், உள்ளரங்க மினி கோல்ஃபைத்தான் சொல்வேன். ஏழு வயதுப் பேரனும் எழுபது வயதுப் பாட்டியும் ஏறக்குறைய சமமாக மோதக்கூடிய ஆட்டங்கள் மிகக் குறைவு. இதில் ஓடவேண்டாம், எறியவேண்டாம், பலமும் வேண்டாம். பந்தைத் தரையோடு தரையாக உருட்டிக் குழிக்குள் தள்ளினால் போதும்.

பெண்களுக்கு இந்த ஆட்டத்தோடு பழைய உறவும் உண்டு. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1867-ல் பெண்களுக்கென்று ஒரு கோல்ஃப் சங்கம் தொடங்கியது. பெண்கள் மட்டையைத் தோளுக்கு மேல் ஓங்கி அடிப்பது அழகில்லை என்று கருதிய காலம் அது. அதனால் உருட்டி ஆடுவதற்கு மட்டுமாக, மேடும் பள்ளமுமான ஒரு புல்தரையை அவர்களுக்கு ஒதுக்கினார்கள். ‘இமாலயாஸ்’ என்று பெயர் பெற்ற அந்தத் தரை இன்றும் இருக்கிறது, பொதுமக்களும் அதில் ஆடலாம். ஓங்கி அடிக்க அனுமதி கிடைக்காதவர்கள் வளர்த்த ஆட்டத்தின் வாரிசுதான் மினி கோல்ஃப். புடவை கட்டிய பாட்டிக்கு இது அந்நியமான இடமே இல்லை.

எந்த இடம்?

லண்டனில் மினி கோல்ஃப் அரங்குகள் பல. தொழில்நுட்பம் உள்ளதைத்தான் தேடுகிறோம் என்றால் ‘பட்ஷாக்’ நல்ல தொடக்கம். அதன் முதல் அரங்கு 2018-ல், மேற்கு லண்டன் வைட் சிட்டியில் உள்ள வெஸ்ட்ஃபீல்ட் மாலில் திறந்தது. பிறகு பேங்க் பகுதி, எசெக்ஸின் லேக்சைட், வாட்ஃபோர்ட் என்று பரவி, அமெரிக்காவுக்கும் போனது. நிறுவியவர்களில் ஸ்டீவ் ஜாலிஃப், டேவ் ஜாலிஃப் இருவரும் இரட்டைச் சகோதரர்கள். பந்துக்குள் சிப் வைத்து, அது எங்கே விழுந்தது என்று எண்ணிச் சொல்லும் ‘டாப்கோல்ஃப்’ மைதானத்தை 2000-ல் வாட்ஃபோர்டில் தொடங்கியவர்களும் இவர்களே. அந்த யோசனையைத்தான் பின்னர் கூரைக்குக் கீழே கொண்டுவந்தார்கள்.

சாதாரண மினி கோல்ஃபில் ஒரு தாளும் சிறு பென்சிலும் கொடுப்பார்கள். யாராவது ஒருவர் கணக்குப்பிள்ளையாக நின்று எல்லோருடைய அடிகளையும் எழுதவேண்டும். மூன்றாவது குழியிலேயே சண்டை வந்துவிடும். பட்ஷாக்கில் அந்த வேலை பந்துக்கு. ஒவ்வொருவருக்கும் தனிப் பந்து. அதற்குள் இருக்கும் மின்னணுக் கருவி எத்தனை அடி விழுந்தது, பந்து குழிக்குள் போனதா, தடையில் மாட்டியதா என்பதையெல்லாம் உணர்ந்து திரைக்கு அனுப்பிவிடும். ஆங்கிலம் அவ்வளவாகப் பழகாத பெரியவர்களுக்கு இது பெரிய விடுதலை. விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. திரையில் தன் பெயர் வந்தால் அடிக்கவேண்டும், அவ்வளவுதான்.

முன்பதிவு

நேரே போய் நின்றால் இடம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். சனி, ஞாயிறு என்றால் கட்டாயம் இணையத்தில் பதிவு செய்துவிட்டுப் போங்கள். ஒரு தலைக்கு, ஒரு சுற்றுக்கு என்றுதான் கட்டணம் போடுவார்கள். சுற்று என்பது ஒன்பது குழிகள். வாரநாள் பகல் மலிவு, வெள்ளி மாலையும் வார இறுதியும் விலை கூடுதல். பெரியவர்களோடு போவதற்கு நான் சொல்வது செவ்வாய் அல்லது புதன், பிற்பகல் இரண்டு மணிவாக்கு. கூட்டம் குறைவு, இசையின் சத்தமும் அந்த நேரத்தில் சற்று அடங்கியிருக்கும். பள்ளிகளின் இடைக்கால விடுமுறை வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

பதிவு செய்யும்போது வயது விதியைப் பாருங்கள். இவை மதுபானம் விற்கும் இடங்கள். மாலையில் குறிப்பிட்ட மணிக்கு மேல் 18 வயதுக்குக் குறைந்தவர்களை உள்ளே விடமாட்டார்கள். அந்த மணி அரங்குக்கு அரங்கு, நாளுக்கு நாள் மாறும். ஆறரைக்குப் பதிவு செய்துவிட்டு, நிதானமாகச் சாப்பிடலாம் என்று நினைத்தால், குழந்தையோடு பாதித் தட்டில் எழவேண்டி வரும்.

எத்தனை பேர் என்பதும் முக்கியம். எட்டுப் பேர் ஒரே குழுவாகப் போனால் ஒருமுறை அடித்துவிட்டு ஏழு பேருக்காக நிற்கவேண்டும். முழங்கால் வலி உள்ளவருக்கு அந்த நிற்றல்தான் கஷ்டம், ஆட்டம் அல்ல. நான்கு நான்காகப் பிரியுங்கள். நான்கு பேருக்கு ஒன்பது குழிகள் முடிய ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஆகும். பிரிக்கும்போது பெரியவர்களை ஒரு பக்கமும் சிறுசுகளை இன்னொரு பக்கமும் ஒதுக்காதீர்கள். பேரப்பிள்ளையும் தாத்தாவும் ஒரே குழுவில் இருப்பதற்காகத்தானே போகிறோம். பதிவு செய்யும் முன்பே அரங்கை அழைத்து, படிக்கட்டு உண்டா, லிஃப்ட் உண்டா, இடையில் உட்கார நாற்காலி கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். சக்கர நாற்காலி என்றால் எந்தச் சுற்று வசதி என்று அவர்களே சொல்வார்கள்.

என்ன உடுத்துவது?

கோல்ஃப் என்றதும் தனி உடை வேண்டுமோ என்று பலர் தயங்குகிறார்கள். வேண்டாம். தட்டையான செருப்போ ஷூவோ போதும். குதிகால் உயர்ந்த செருப்பு செயற்கைப் புல்லில் இடறும். புடவை என்றால் முந்தானையை இடுப்பில் செருகி, கொசுவத்துக்கு ஒரு ஊக்கு குத்திக்கொண்டால் மட்டை சிக்காது. கோட்டையும் பைகளையும் கொடுத்துவைக்க இடம் இருக்கிறதா என்று வாசலிலேயே கேளுங்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குனிந்தால் கை நேராக ஆடாது. உள்ளே வெளிச்சம் மங்கல், வண்ண விளக்குகள் மட்டும் பளிச்சென்று இருக்கும். கண்ணாடி போடுபவர்கள் அதை மறக்கவேண்டாம்.

உள்ளே போனதும்

பதிவு நேரத்துக்குக் கால் மணி முன்னதாகப் போங்கள். ஆடுபவர்களின் பெயர்களைப் பதிந்து, பந்தை அவரவர் பெயரோடு இணைப்பார்கள். இங்கே சின்னதாக ஒரு யோசனை: சுப்புலட்சுமி என்று முழுப்பெயரைப் போடாமல் ‘பாட்டி’, ‘சித்தப்பா’ என்று வீட்டில் அழைக்கும் பெயரையே ஆங்கில எழுத்தில் கொடுங்கள். பெரிய திரையில் ‘பாட்டி’ முதலிடம் என்று வருவதைப் பார்க்கும் பேரனுக்கு அது தனிச் சந்தோஷம். மட்டை உயரத்துக்கு ஏற்றபடி கிடைக்கும். குழந்தைக்குக் குட்டை மட்டை கேட்டு வாங்குங்கள். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் முதலிலேயே சொல்லிவிடவேண்டும்.

ஒவ்வொரு குழியின் தொடக்கத்திலும் பந்தை வைக்க ஓர் இடம் குறித்திருக்கும். அருகில் திரை. திரையில் யார் பெயர் வருகிறதோ அவர் தம் பந்தை அங்கே வைத்து, ஆடலாம் என்று திரை சொன்ன பிறகு அடிக்கவேண்டும். பந்து மாறிப்போனால் புள்ளிகளும் மாறிப்போகும். அதனால் கையில் எடுக்குமுன் யாருடையது என்று பாருங்கள். காலால் தட்டி நகர்த்துவதும் கூடாது, அதையும் ஓர் அடியாகப் பந்து எண்ணக்கூடும்.

வழக்கமான கோல்ஃபில் குறைந்த அடிகளில் முடிப்பவர் வெல்வார். இங்கே தலைகீழ், அதிகப் புள்ளி எடுப்பவருக்கே வெற்றி. முதல் அடியிலேயே குழிக்குள் விழுந்தால் நிறையப் புள்ளி, அடிகள் கூடக் கூடப் புள்ளி குறையும். சில குழிகளில் பந்து குறுக்குவழிக் குழாய்க்குள் புகுந்தால் கூடுதல் புள்ளி, தடையில் விழுந்தால் கழிவு. வினாடி வினா குழி ஒன்று உண்டு. கேள்வி திரையில் வரும், சரியான விடை உள்ள வழியாகப் பந்தை உருட்டவேண்டும். கோப்பைகளைக் குறிவைக்கும் குழியும் உண்டு. கேள்வி ஆங்கிலத்தில் வருவதால், படித்துச் சொல்லும் பொறுப்பைக் குழந்தைகளிடம் ஒப்படையுங்கள். விடை பெரியவர்களிடமிருந்து வரட்டும்.

அடிக்கும் கலை

இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். முதல் இரண்டு குழிகளில் யாரும் கற்றுத்தராமல் பந்து தாறுமாறாக ஓடினால், பெரியவர்கள் “எனக்கு வராதுப்பா, நீங்க ஆடுங்க” என்று மட்டையைக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் அவர்களைத் திரும்ப இழுப்பது சுலபமில்லை.

கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து நில்லுங்கள். கண் பந்துக்கு நேர் மேலே இருக்கட்டும். மட்டையை இரண்டு கையாலும் மென்மையாகப் பிடியுங்கள், இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு குறுக்கே வரும். ஆடவேண்டியது தோள்கள் மட்டும். மணிக்கட்டு அசையக்கூடாது. தூரத்தைக் கூட்ட வேகமாக இடிக்காதீர்கள், மட்டையைப் பின்னால் இன்னும் சற்று இழுத்து அதே நிதானத்தில் விடுங்கள். பந்தைத் தொட்டதும் நிறுத்திவிடாமல் மட்டை குழியை நோக்கிக் கொஞ்ச தூரம் போகட்டும். அதுவரை தலையைத் தூக்கவேண்டாம். பந்து எங்கே போகிறது என்று பார்க்கும் ஆசையில் தலையைத் தூக்குவதுதான் புதியவர்களின் பந்து கோணலாகப் போவதற்கு முதல் காரணம்.

கோல்ஃப் பந்தின் குறுக்களவு 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது விதி. கோல்ஃப் மைதானக் குழி 108 மில்லிமீட்டர், அதாவது பந்தைப்போல இரண்டரை மடங்கு அகலம். இத்தனை இடம் இருந்தும் வேகமாக வரும் பந்து விளிம்பைச் சுற்றிவிட்டு வெளியே போய்விடும். மெதுவாக வரும் பந்து விளிம்பில் பட்டாலும் உள்ளே சரியும். ஆகவே குறி பார்ப்பதில் செலவிடும் கவனத்தைவிட வேகத்தில் அதிகம் செலவிடுங்கள். இந்த விஷயத்தில் பெரியவர்களின் நிதானம் வாலிபர்களின் வேகத்தைத் தோற்கடிப்பதைப் பார்க்கலாம்.

குழி நேரே தெரியாமல் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் கேரம் போர்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரைக்கர் எந்தக் கோணத்தில் கட்டையில் படுகிறதோ அதே கோணத்தில் திரும்புவதுபோல, பந்தும் சுவரில் பட்டுத் திரும்பும். திண்ணையில் கேரம் ஆடி வளர்ந்த தாத்தாக்களுக்கு இதைச் சொல்லிவிட்டால் போதும், கணக்கை அவர்களே போட்டுக்கொள்வார்கள்.

பாதுகாப்புக்கு ஒரே விதி: மட்டை முழங்காலுக்கு மேலே எழக்கூடாது. குழந்தைகளிடம் அதை ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

சாப்பாடு, குடிப்பதற்கு

இத்தகைய அரங்குகள் ஆட்டத்தைவிட உணவிலும் பானத்திலும் சம்பாதிக்க விரும்புபவை. உட்கார்ந்ததும் ஆர்டர் கேட்பார்கள். ஆட்டத்தை முடித்துவிட்டுச் சாப்பிடுங்கள் என்பதே என் கருத்து. எண்ணெய்க் கையோடு மட்டையைப் பிடித்தால் வழுக்கும், தட்டு ஆறிப்போகுமே என்ற அவசரத்தில் கடைசி மூன்று குழிகளை யாரும் ரசிக்கமாட்டார்கள். தண்ணீர் மட்டும் முதலில் கேட்டு வாங்குங்கள். மதுபான உரிமம் உள்ள கடைகள் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தரவேண்டும் என்பது இங்கிலாந்தில் சட்டம், கேட்கக் கூச்சப்படவேண்டாம்.

பலகாரங்கள் பெரும்பாலும் பகிர்ந்து சாப்பிடும் சிறு தட்டுகள், பர்கர், பீட்சா வகை. சைவக் குறி உள்ளவை கிடைக்கும். ஆனால் சைவப் பண்டத்தையும் கோழியையும் ஒரே எண்ணெயில் பொரிக்கிறார்களா என்று கேளுங்கள், மறைக்காமல் சொல்வார்கள். ஹலால் பற்றியும் அப்படியே. எள், கடலை உள்ளிட்ட 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றிக் கேட்டால் தகவல் தரவேண்டியது அவர்களின் சட்டக் கடமை. பில்லில் சேவைக் கட்டணம் தானாகச் சேர்ந்திருக்கலாம். அது விருப்பத் தொகை என்று போட்டிருந்தால் வேண்டாமென்று சொல்ல உரிமை உண்டு. கவனிப்பு நன்றாக இருந்தால் கொடுத்துவிட்டு வாருங்கள், பரிமாறும் பிள்ளைகள் நாள் முழுக்க நிற்கிறவர்கள்.

மது வேண்டுபவர்கள் வயதைக் காட்டும் அடையாள அட்டை வைத்திருக்கவேண்டும். இங்கே 25 வயதுக்குக் குறைவாகத் தெரிந்தாலே அட்டை கேட்கும் கடைகள் அதிகம். கார் ஓட்டிவந்தவர் ஒரு சொட்டும் தொடவேண்டாம். மது சேராத காக்டெயில் பட்டியல் தனியாக இருக்கும், அதில் ஒன்று போதும்.

பாட்டிக்கு அந்த உணவு எதுவும் பிடிக்காது என்று முன்பே தெரிந்தால் வெஸ்ட்ஃபீல்ட் அரங்கைத் தேர்ந்தெடுங்கள். மாலிலிருந்து நடக்கும் தூரத்தில் உட் லேன் நிலையம். அங்கே ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி தடத்தில் பார்க்கிங் (Barking) போகும் ரயிலில் ஏறினால் மாறாமல் ஈஸ்ட் ஹாமில் இறங்கலாம், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அந்தப் பகுதியின் ஹை ஸ்ட்ரீட் நார்த் தெருவில் இட்லியும் தோசையும் கிடைக்கும். பிள்ளைகளுக்கு அரங்கில் ஒரு தட்டு உருளைக்கிழங்கு வறுவல் மட்டும் வாங்கிக் கொடுத்து, இரவுச் சாப்பாட்டை ஈஸ்ட் ஹாமில் வைத்துக்கொள்ளுங்கள். புறப்படும் முன் வார இறுதி ரயில் பராமரிப்பு அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அந்தத் தடம் ஓடாத நாளில் சென்ட்ரல் தடத்தில் ஸ்ட்ராட்ஃபோர்ட் வரை போய் அங்கிருந்து ஈஸ்ட் ஹாமுக்குப் பேருந்து பிடிக்கலாம்.