பல்லாவரத்துக் கல்லும் ஆய்வுக்கட்டுரையும்

கேள்வி: பாறை மடிப்பு, வெடிப்புகளைக் கற்பிக்க ஆய்வுக்கட்டுரைகள் உதவுமா? பாடநூலுக்கே என் மாணவர்கள் திணறுகிறார்கள்.
– கல்லூரி ஆசிரியை, தாம்பரம்

பதில்: உதவும் அம்மா. பக்கத்திலேயே பல்லாவரம் இருக்கிறதே! கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் பல்லாவரத்துப் பாறை வகைதான். அவர் நினைவாகவே நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து அதற்குச் ‘சார்னோக்கைட்’ என்று பெயரிட்டார். 1900-இல் ஹாலந்து எழுதிய நீண்ட ஆய்விலிருந்து இரண்டே பக்கம் கொடுங்கள். கண்டது எது, ஊகித்தது எது என்று இரு நிறங்களில் கோடிடட்டும். உருகிய குழம்பு உறைந்து உண்டான பாறை என்றார் அவர். கடும் வெப்பத்தில் உருமாறியது என்றனர் பின்வந்தோர் பலர். பிறகு அதே பாறை உள்ள பறங்கிமலைக்குக் கூட்டிப்போய், வெடிப்புகளின் திசையையும் சாய்வையும் கிளினோமீட்டர் காம்பஸால் அளக்க வையுங்கள். கட்டுரையின் முடிவுரையை மட்டும் மலையிலிருந்து திரும்பிய பிறகு கொடுங்கள்.