அளக்காத நாளுக்குப் பூஜ்யம் போடக் கூடாது

கனமழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை, எந்த டீக்கடையில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும்: "எங்க தெருவுல முழங்கால் தண்ணி. பேப்பர்ல வெறும் நாலு சென்டிமீட்டர்னு போட்டிருக்கான்." வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவரின் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில் தவறான ஒரு நம்பிக்கை இருக்கிறது. வானிலை நிலையங்கள் என்ன அளக்கின்றன, அந்த அளவுகள் மாதக் கணக்காக எப்படித் திரள்கின்றன என்பது பற்றி இப்படிப் பல நம்பிக்கைகள் நம்மிடையே உலவுகின்றன. வறட்சி நிவாரணம், பயிர்க் காப்பீடு, அணையின் மதகு, தெருவோர வடிகாலின் அகலம் என எல்லாமே இந்த எண்களை நம்பித்தான் முடிவாகின்றன. அதனால் இவற்றைச் சரியாகப் புரிந்துகொள்வது அவசியம்.

"ஊருக்கு இவ்வளவு மழை என்றால், ஊர் முழுக்க அவ்வளவு மழை"

மழைமானிக்குத் தெரிந்தது தன் வாய்க்குள் விழுந்த மழை மட்டுமே. இந்திய வானிலை ஆய்வுத் துறை பயன்படுத்தும் சாதாரண மழைமானியின் வாய்ப் பரப்பு 100 அல்லது 200 சதுர சென்டிமீட்டர்தான். 2005 ஜூலை 26-ஆம் தேதி மும்பை மூழ்கியபோது, சாந்தாகுரூஸ் நிலையத்தில் 24 மணி நேரத்தில் பதிவான மழை 944 மி.மீ. அதே நகரத்தின் தென்கோடியில் உள்ள கொலாபாவில் 73 மி.மீ. இரண்டுமே சரியான அளவுகள். 2015 டிசம்பர் முதல் நாள் சென்னையில் பெய்த பெருமழையில் தாம்பரத்தில் 49 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. இதில் எந்த எண்ணும் பொய்யில்லை. நகரத்துக்கு ஒரே ஓர் எண் போதும் என்று நாம் எதிர்பார்ப்பதுதான் தவறு. தெருவில் நிற்கும் முழங்கால் தண்ணீரும் மழையின் அளவு ஆகாது. மேட்டிலிருந்து வந்த நீரும், போக வழியில்லாத நீரும் அதில் சேர்ந்தே நிற்கின்றன.

"நேற்றுப் பெய்த மழை நேற்றைய கணக்கில் வரும்"

படித்தவர்களும் அதிகம் தடுமாறும் இடம் இது. இந்தியாவில் மழையை அளக்கும் நேரம் காலை 8.30 மணி. கிரீன்விச் நேரப்படி அப்போது அதிகாலை 3 மணி. உலகெங்கும் ஒரே கணத்தில் அளவெடுத்தால்தான் வானிலை வரைபடம் ஒன்றை ஒழுங்காக வரைய முடியும் என்பதால் அமைந்த நேரம். அந்த நேரத்தில் மழைமானியில் இருக்கும் நீர், அதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் விழுந்தது. அதை எழுதுவது இன்றைய தேதியில். நேற்று மாலை நீங்கள் குடை பிடித்து நனைந்த மழைக்குப் பதிவேட்டில் இன்றைய தேதிதான்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. தூத்துக்குடி மாவட்டக் கடலோரத்தில் பகலெல்லாம், இரவெல்லாம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பதிவானது. ஆனால் ஏட்டில் அந்த எண் 18-ஆம் தேதிக்கு நேரே இருக்கிறது. பிற்காலத்தில் 17-ஆம் தேதிக் கட்டத்தைப் பார்த்துவிட்டு, அன்று பேரழிவு நடக்கவில்லை என்று யாரேனும் முடிவு கட்டினால் எவ்வளவு பெரிய பிழை!

நாள் இப்படி என்றால் மாதமும் இப்படித்தான். மழைக் கணக்கில் நவம்பர் மாதம் தொடங்குவது அக்டோபர் 31 காலை 8.30-க்கு, முடிவது நவம்பர் 30 காலை 8.30-க்கு. நவம்பர் 30 மாலையில் கொட்டும் மழை முழுவதும் டிசம்பருக்குப் போய்விடும். வடகிழக்குப் பருவமழையின் உச்சத்தில் இது சிறிய விஷயமே இல்லை. மாதக் கடைசியில் பயிர் மூழ்கிய விவசாயி மழைச் சான்று கேட்கப் போகும்போது, அடுத்த மாதத்தின் முதல் தேதியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் வழக்கம் நேர்மாறு: காலை 9 மணிக்கு அளந்த மழையை முந்தைய நாளின் பெயரில் எழுதுகிறார்கள். இரு நாட்டு ஏடுகளை அருகருகே வைத்து ஒப்பிடுபவர் இது தெரியாமல் ஒப்பிட்டால், கணக்கு ஒரு நாள் தள்ளிப்போகும்.

"வெயிலில் வைத்து அளந்தால்தான் உண்மையான வெப்பம்"

நிலையம் அளப்பது காற்றின் வெப்பநிலையை. வெயிலில் வைத்த வெப்பமானி தன் மேல் விழும் வெயிலையும் சேர்த்துக் காட்டும். அதனால்தான் வெள்ளைச் சாயம் அடித்த, பக்கங்களில் சாய்வுப் பலகை வைத்த மரப்பெட்டிக்குள் வெப்பமானிகள் இருக்கின்றன. கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் வடிவமைத்த பெட்டி அது. எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தந்தை அவர். நம் நாட்டில் பெட்டியின் கதவு வடக்கு நோக்கித் திறக்கும்; திறந்து படிக்கிற நேரத்திலும் வெயில் உள்ளே விழாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. தார்ச்சாலையில் நிற்கும் கார் காட்டும் 46 டிகிரியை சென்னை மீனம்பாக்கம் நிலையத்தின் 41-உடன் ஒப்பிட்டு வாதாட வேண்டாம்.

"மழையே இல்லாத நாளில் எழுத என்ன இருக்கிறது?"

இந்த ஒன்றைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வலியுறுத்துவேன். மாதப் பதிவேட்டில் ஒரு தேதிக்கு நேரே நான்கு விதமான நிலைகள் வரலாம். அளப்பவர் மழைமானியைத் திறந்து பார்த்தார், நீர் இருந்தது: எண் எழுதுவார். திறந்து பார்த்தார், நீர் இல்லை: 0.0. தூறல் விழுந்தது, ஆனால் 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவு: அதற்கென்று ஒரு தனிக் குறி. நான்காவது, அன்று அளவே கிடைக்கவில்லை: அதற்கும் ஒரு தனிக் குறி. காய்ச்சலாக இருந்திருக்கலாம், வெள்ளத்தில் பாதை அடைபட்டிருக்கலாம், மழைமானி நிரம்பி வழிந்திருக்கலாம். அந்த நாளுக்குப் பூஜ்யம் போட்டுவிட்டால் ஏடு நிறைந்து அழகாகத் தெரியும். ஆனால் அந்தப் பூஜ்யம் ஒரு பொய்ச் சாட்சி. அன்று மழை இல்லை என்று அது நூறு ஆண்டுகளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

இதனால்தான் உலக வானிலை அமைப்பு மாதக் கணக்குக்கு விதி வகுத்திருக்கிறது. வெப்பநிலையின் மாதச் சராசரிக்குச் சில நாள் விட்டுப்போனாலும் மன்னிப்பு உண்டு. 11 நாளோ அதற்கு மேலோ இல்லை என்றாலும், தொடர்ந்து 5 நாள் இல்லை என்றாலும்தான் அந்தச் சராசரியைப் போடக் கூடாது. மழையின் மாதக் கூட்டுத்தொகைக்கு அந்தச் சலுகை கிடையாது. எல்லா நாள் அளவும் இருந்தாக வேண்டும். காரணம் எளிது. வெப்பநிலை ஒரு நாளுக்கு மறுநாள் பெரிதாக மாறுவதில்லை. இன்றைய அளவு விட்டுப்போனாலும் பக்கத்து நாள்கள் அதன் சாயலைச் சொல்லும். மழை அப்படியில்லை. காயல்பட்டினத்தின் அந்த ஒரு நாளை நீக்கிவிட்டு 2023 டிசம்பரைக் கூட்டிப் பாருங்கள். முற்றிலும் வேறொரு மாதம் அங்கே நிற்கும்.

இரண்டு நாள் மழையை ஒன்றாக அளக்க நேர்வதும் உண்டு. ஞாயிறு யாரும் வரவில்லை, திங்கள் காலை திறந்தால் 80 மி.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாதிப் பாதியாகப் பிரித்து எழுதிவிடலாம் என்று தோன்றும். மாதக் கூட்டுத்தொகை அப்போதும் மாறாது. ஆனால் 64.5 மி.மீ. முதல் கனமழை என்பது நம் வானிலைத் துறையின் வரையறை. பிரித்து எழுதினால், உண்மையில் ஒரே நாளில் பெய்திருக்கக்கூடிய கனமழை ஏட்டிலிருந்து மறைந்துவிடும். 2.5 மி.மீ. பெய்தால்தான் அது மழை நாள். அந்த எண்ணிக்கையும் கெடும். இரண்டு நாளுக்கும் சேர்த்து அளந்தது என்று குறித்து வைப்பதே நேர்மை.

"இயல்பு என்றால் குறையொன்றும் இல்லை"

நீண்ட காலச் சராசரியிலிருந்து 19 விழுக்காடு கூடினாலும் குறைந்தாலும் அது 'இயல்பு' என்ற வகைக்குள் வரும். 2023-இன் வடகிழக்குப் பருவமழை தமிழகம் முழுமைக்கும் அந்த வகையில்தான் சேர்ந்தது. சென்னையிலும் தாமிரபரணிக் கரையிலும் வெள்ளம் வந்த அதே பருவம் அது! மூன்று மாதச் சோற்றை இரண்டு வேளையில் ஊட்டிவிட்டு, மொத்த அரிசிக் கணக்கு சரியாக இருக்கிறது என்று சொல்வதைப் போன்றது இது. விழுக்காட்டையும் தனியாக நம்பக் கூடாது. ஜூலையில் இயல்பே 5 மி.மீ.தான் என்று இருக்கும் ஓரிடத்தில் 8 மி.மீ. பெய்தால் '60 விழுக்காடு அதிகம்' என்று வரும். கம்மாயில் ஒரு சாண் தண்ணீர்கூட ஏறாது. எத்தனை மழை நாள், ஒரே நாளில் அதிகபட்சம் எவ்வளவு என்ற இரண்டையும் கூட வைத்துப் படித்தால்தான் மாதக் கணக்கு பேசும்.

"தானியங்கிக் கருவி வந்தாயிற்று, இனி ஆள் எதற்கு?"

2024 மே 29 அன்று டெல்லியின் முங்கேஷ்பூர் தானியங்கி நிலையம் 52.9 டிகிரி செல்சியஸ் காட்டியது. இந்தியாவிலேயே அதுவரை பதிவாகாத வெப்பம் என்று செய்தி பறந்தது. வானிலைத் துறையினர் நேரில் சென்று தரமான கருவியுடன் ஒப்பிட்டபோது, அந்த உணரி சுமார் 3 டிகிரி கூடுதலாகக் காட்டுவது தெரிந்தது. தானியங்கி மழைமானியின் புனலை ஒரு காய்ந்த இலையோ பறவை எச்சமோ அடைத்துவிட்டால், கொட்டும் மழையிலும் அது பூஜ்யத்தையே அனுப்பிக்கொண்டிருக்கும். மனிதரும் பிழை செய்வார். 200 சதுர சென்டிமீட்டர் வாயுள்ள மழைமானிக்கு 1 மி.மீ. மழை என்பது 20 மில்லிலிட்டர் நீர். 100 சதுர சென்டிமீட்டருக்கான அளவுக் குவளையை எடுத்து அதை அளந்தால் மழை இரட்டிப்பாகிவிடும். எந்தக் கருவியானாலும், எண்ணைப் பக்கத்து நிலையத்தோடு ஒப்பிட்டுச் சந்தேகப்படுகிற ஒரு மனம் வேண்டும். தானியங்கி நிலையங்கள் பெருகுவதை மனதார வரவேற்கிறேன். அவற்றைத் துடைத்துச் சரிபார்க்கும் ஆட்களைக் குறைப்பதை ஏற்க முடியாது.

"போன மாதக் கணக்கு செத்த கணக்கு, வரும் வாரத்து முன்னறிவிப்புதான் முக்கியம்"

சிரபுஞ்சியில் ஆண்டு முழுவதும் மழை என்று பள்ளியில் படித்த நினைவு பலருக்கு இருக்கும். அங்கே 1861 ஜூலையில் மட்டும் 9,300 மி.மீ. பதிவானது, சென்னையில் ஆறு ஆண்டுகளில் பெய்வதைவிட அதிகம். ஆனால் அதே ஊரின் டிசம்பர், ஜனவரி வரிசைகளைப் பாருங்கள், மழை மிகச் சொற்பம். குளிர்காலத்தில் அங்கே குடிநீருக்கு மக்கள் நடக்கிறார்கள். ஆண்டுக் கணக்கு மறைப்பதை மாதக் கணக்கு காட்டிக்கொடுக்கிறது.

1864-இல் கல்கத்தாவைத் தாக்கிய புயலும் அதன்பின் பொய்த்த பருவமழைகளும் தந்த பாடத்தில்தான் 1875-இல் இந்திய வானிலைத் துறை பிறந்தது. மாகாணத்துக்கு ஒரு நேரம், மாவட்டத்துக்கு ஒரு கருவி என்று சிதறிக் கிடந்த அளவீடுகளை ஒரே முறைக்குக் கொண்டுவரும் வேலையை ஹென்றி பிளான்ஃபோர்டு தொடங்கினார். 1904-இல் துறையின் தலைமைக்கு வந்த கில்பர்ட் வாக்கர் ஒரு கணித அறிஞர். உலகின் பல நிலையங்களிலிருந்து வந்த அழுத்தம், மழை, வெப்பநிலைக் கணக்குகளை வாங்கி வைத்துக்கொண்டு, இந்திய எழுத்தர்களின் கைக்கணக்கால் அவற்றுக்கிடையே உள்ள உறவுகளைத் தேடினார். பசிபிக் பெருங்கடலின் ஒரு பக்கம் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்கும் என்ற ஊசலாட்டத்தை அவர் கண்டது அப்படித்தான். இன்றும் அதன் குறியீடு, டாஹிட்டி, டார்வின் என்ற இரண்டு இடங்களின் மாத அழுத்த வேறுபாட்டிலிருந்தே வருகிறது. இந்த ஊசலாட்டத்தோடு பிணைந்த எல் நினோ ஆண்டில் நம் வடகிழக்குப் பருவமழை வலுக்கும் வாய்ப்பு உண்டு என்று இன்று செய்தி வாசிக்கிறார்களே, அதன் வேர் அந்தப் பழைய ஏடுகளில் இருக்கிறது.

சென்னையின் மழைக் கணக்கு 1813-லிருந்து நம் கையில் இருக்கிறது. நாட்டின் மிக நீண்ட தொடர்களில் ஒன்று. தாலுகா அலுவலகங்களின் பழைய மழைப் பதிவேடுகளும் அதே அளவு அருமையானவை. கரையான் தின்பதற்கு முன் அவற்றைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றுவது அவசர வேலை. ஏற்றும்போது வெற்றுக் கட்டங்களை வெற்றாகவே விட வேண்டும்.

சொந்தமாக மழைமானி வைத்து அளப்பவர்கள் இன்று தமிழகத்தில் பெருகிவருகிறார்கள். சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். வாய் விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், மட்டமாக இருக்கட்டும். காலை 8.30-க்கு அளந்து அன்றைய தேதியில் எழுதுங்கள். மழைமானியை இடம் மாற்றினால் எந்த நாளில், எங்கே என்று குறியுங்கள். ஊருக்குப் போன நாள்களுக்கு நேரே 'அளக்கவில்லை' என்று எழுதி, திரும்பி வந்து அளந்த நீருக்கு எதிரே அது எத்தனை நாள் மழை என்பதையும் சேர்த்துக் குறித்து வையுங்கள்.