அரை இன்ச் கணக்கு

பிளேஸ்மென்ட்டுக்காக என்.எஸ்.பி. ரோட்டுல ரெடிமேட் சட்டை எடுக்கிறீங்களா? முதல்ல தோளைப் பாருங்க. தோள் இறங்கி நின்னா, கையையே பிரிச்சுத் தைக்கணும், கூலி அதிகம். சைடு லூஸ்னா கவலை இல்லை, பிடிச்சுக்கலாம்.

ஆனா கணக்கு முக்கியம். ஒரு பக்கத் தையலை அரை இன்ச் உள்ளே தள்ளினா முன்துணியில் அரை, பின்துணியில் அரை குறையும். இரண்டு பக்கமும் சேர்த்தா சுற்றளவில் 2 இன்ச் போயிடும்! அதனால ஸ்ரீரங்கமோ தில்லைநகரோ, எந்த டெய்லர்கிட்டயும் "2 இன்ச் பிடிங்க"ன்னு மொட்டையா சொல்லாதீங்க. "மொத்தச் சுற்றளவில் 2 இன்ச்"னு சொல்லுங்க.

காட்டன் சட்டை சுருங்கும். ஒருமுறை துவைச்ச பிறகே கொடுங்க. உள்ளே மிஞ்சுற துணியை வெட்ட வேண்டாம்னு சொல்லிடுங்க. பின்னால உடம்பு போட்டா பிரிச்சுக்கலாம், வெட்டினது திரும்பாது.