ஜான் மக்கார்தர்

கம்பளிக்குப் பெயர்பெற்ற கண்டம் ஆஸ்திரேலியா. ஆயினும், 1788 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் சிட்னியில் குடியேறுவதற்கு முன் அங்குச் செம்மறியாடு ஒன்றேனும் இருந்ததில்லை. அவ்வாடுகளால் நாடு செழிக்கும் என்பதை முதலில் உணர்ந்தோருள் ஒருவர் ஜான் மக்கார்தர்.

இவர் இங்கிலாந்தில் ஒரு துணி வணிகரின் மைந்தராய்ப் பிறந்தவர். 1790 ஆம் ஆண்டில், மனைவி எலிசபெத்துடனும் கைக்குழந்தையுடனும், படை அதிகாரியாக ஆஸ்திரேலியாவை அடைந்தார். 1793 இல் பரமட்டாவில் நூறு ஏக்கர் நிலம் பெற்று, அதற்கு ‘எலிசபெத் பண்ணை’ எனப் பெயரிட்டார். 1797 இல் நன்னம்பிக்கை முனையிலிருந்து மெரினோ ஆடுகள் வந்தபொழுது, அவற்றுட் சிலவற்றை வாங்கி வளர்த்தார்.

மக்கார்தர் அறிவிற் சிறந்தவர். ஆனால் சினத்தை அடக்க அறியாதவர். 1801 இல் தம் மேலதிகாரியுடன் துப்பாக்கி ஏந்தித் தனிப்போர் புரிந்து, அவரைக் காயப்படுத்தினார். அதனால் ஆளுநர் இவரை விசாரணைக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார். குற்றம் சாட்டப்பட்டுச் சென்றவர், அங்கும் தம் கம்பளியின் சிறப்பையே எடுத்துரைத்தார். 5,000 ஏக்கர் நிலம் பெறும் ஆணையோடு 1805 இல் மீண்டார். அந்நிலத்திற்குக் ‘கேம்டன்’ என்று பெயரிட்டார். எனினும் சினம் தணிந்தபாடில்லை. 1808 ஆம் ஆண்டு ஜனவரி 26 ஆம் நாள் படையினர் ஆளுநர் பிளையைச் சிறைப்படுத்தினர். அக்கிளர்ச்சியைத் தூண்டியவருள் முதல்வர் இவரே. அதன் பயனாக, 1809 முதல் 1817 வரை இவர் நாடு திரும்ப இயலாது இங்கிலாந்திலேயே தங்க நேர்ந்தது.

அவ்வாண்டுகளில் பண்ணையைக் காத்தவர் யார்? எலிசபெத் அம்மையாரே. மந்தைகளைப் பேணி, கணக்குகளைப் பார்த்து, பணியாளரை நடத்தி, கம்பளியை இலண்டனுக்கு அனுப்பி வைத்தார். கணவர் தொடங்கிய தொழில் நிலைபெற்றது மனைவியின் உழைப்பாலேயாம்.

பின்னர் மக்கார்தர் 1825 முதல் 1832 வரை சட்டமன்ற உறுப்பினராய் விளங்கி, 1834 இல் மறைந்தார். 1966 இல் வெளிவந்த ஆஸ்திரேலிய இரண்டு டாலர் பணத்தாளில் இவர் உருவமும் மெரினோ ஆடும் பொறிக்கப்பெற்றன.

ஆனால் இவ்வரலாற்றில் நாம் மறக்கலாகாத செய்தி ஒன்று உண்டு. ஆளில்லா நிலம் எதுவும் இவருக்கு வழங்கப்படவில்லை. கேம்டன் பகுதி தாராவல் மக்கள் வழிவழியாக வாழ்ந்த மண். அவர்தம் இசைவை ஒருவரும் கேட்டிலர். 1816 ஏப்ரலில், அண்மையிலுள்ள ஆப்பின் என்னும் இடத்தில், ஆளுநரின் படையினர் அம்மக்களில் பெண்டிரும் குழந்தைகளும் உட்பட பலரைக் கொன்றனர்.

ஒருவருடைய முயற்சியைப் போற்றுங்கால், அதற்குத் தோள்கொடுத்தவரையும், அதனால் தம் மண்ணை இழந்தவரையும் உடன் நினைத்தலே நேர்மையான வரலாறு அன்றோ?